உலை அணையாத ஊர்

முதல் நாள், வியாழன் இரவு

நியூயார்க்கில் காலையில் ஏறிய ரயில் பிட்ஸ்பர்க் வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிட்டது. கிரீன்ஸ்பர்க் தாண்டியதுமே வெளியே நல்ல இருட்டு. கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இறங்கத் தயாரானபோது இடப்பக்கம் முழுவதும் சட்டென்று வெளிச்சமானது. நீளமான தகரக் கொட்டகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும் குழாய்கள், விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் திரண்டு எழும் நீராவி. நடுவில் ஏதோ ஓர் இடைவெளியில் கொல்லன் பட்டறைச் செம்மை. பெட்டியில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடி இருட்டு.

அதுதான் எட்கர் தாம்சன் எஃகாலை. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக ஈ.டி. என்கிறார்கள். ஆண்ட்ரூ கார்னகி 1875இல் தொடங்கியது. தாம்சன் என்பவர் பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர். தண்டவாளம் வாங்கப் போகிறவரின் பெயரையே ஆலைக்கு வைத்தார் கார்னகி. அந்த ரயில்வேயின் பழைய தடத்தில்தான் நான் வந்துகொண்டிருந்தேன். 150 ஆண்டுகளாக அதே இடத்தில் எஃகு காய்ச்சுகிறார்கள்.

நான் பார்க்க வந்தது அந்த ஆலையின் காலடியில் கிடக்கும் பிராடக் என்ற சிற்றூரை. அமெரிக்காவில் ஆலை மூடி அழிந்த ஊர்களின் கதையை எல்லாரும் கேட்டிருப்போம். இங்கே ஆலை மூடவில்லை. ஆனாலும் ஊர் காலியாகிவிட்டது. 1920 கணக்கெடுப்பில் 20,879 பேர், 2020இல் 1,721 பேர். இந்த இரண்டு எண்களையும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த நாளிலிருந்து மனம் இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

சித்தி மகள் பிட்ஸ்பர்க் புறநகரான மன்ரோவில்லில் இருக்கிறாள். நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனாள். "பிராடக்கா? அங்க என்ன இருக்குன்னு போறீங்கண்ணா?" என்று கேட்டாள். பதினாறு ஆண்டாக இங்கே குடியிருக்கிறாள், பிராடக் வழியாகக் காரில் போனதே இரண்டு மூன்று முறைதானாம்.

இரண்டாம் நாள், வெள்ளி

தங்கை வேலைக்குப் போகும்போது என்னை நகரத்தில் இறக்கிவிட்டாள். அங்கிருந்து 61பி பேருந்து. பிராடக் 15 கிலோமீட்டர்தான், ஆனால் ஊர் ஊராக நின்று நின்று போகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கறுப்பினத்தவர். செவிலியர் உதவியாளர் அணியும் நீலச் சட்டையும் கால்சட்டையும் போட்டிருந்தார். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். மூட்டை முடிச்சோடு நான் விழிப்பதைப் பார்த்து, எந்த நிறுத்தம் என்று அவராகவே கேட்டார். பேச்சுக்குப் பேச்சு "யின்ஸ்" என்றார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் அதற்கு 'நீங்களெல்லாம்' என்று பொருள். பொது ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் ஒரே சொல்தான். நம் 'நீ', 'நீங்கள்' போலப் பிரித்துச் சொல்ல அங்கே வழியில்லை. இந்த மில் ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு பன்மையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

பிராடக்கிலேயே ஒரு மருத்துவமனை இருந்தது. 2010 ஜனவரியில் அது மூடப்பட்டது. அப்போது இந்த அம்மா அங்கேதான் வேலை பார்த்திருக்கிறார், வீட்டிலிருந்து நடந்தே போவாராம். இப்போது இரண்டு பேருந்து மாறிப் போகிறார். "நெஞ்சு வலித்தாலும் இரண்டு பேருந்துதான்" என்றார். இவருடைய அப்பா ஈ.டி.யில் இரும்பு உருக்கும் ஊது உலையில் வேலை பார்த்தவர், அம்மா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில். மூன்று பிள்ளைகளில் இவர் மட்டும்தான் ஊரில் இருக்கிறார். மற்ற இருவரும் ஏன் இருக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வீடு மலிவு. வாங்கலாம். ஆனால் பால் வாங்க எங்கே போவது?"

உடல் உழைப்பு என்றால் இன்றைக்கும் நம் கண்முன் வருவது சுத்தியலும் தலைக்கவசமும்தான். ஆனால் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இன்று மிக அதிகமானவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மருத்துவத் துறை. நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கிற, படுக்கை மாற்றுகிற, சமையலறையில் தட்டுக் கழுவுகிற கைகள்தான் இன்றைய உழைக்கும் கைகள். அவற்றில் பெரும்பாலானவை பெண்களுடையவை. அப்பாவின் வேலைக்குச் சங்கம் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. மகளுடைய வேலைக்கு எது இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிராடக் அவென்யூவில் இறங்கினேன். ஊரின் ஒரே பெரிய தெரு. கடைத்தெரு என்று சொல்ல இன்று அங்கே கடைகள் அதிகம் இல்லை. மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று, அடுத்து புல் மூடிய காலியிடம், அடுத்து இன்னொரு கட்டடம், மறுபடி இரண்டு காலியிடம். பல் விழுந்த வாய்போல இருந்தது. தெருக்கோடியில் வானத்தை அடைத்துக்கொண்டு ஆலை. எங்கே நின்று பார்த்தாலும் ஆலை தெரிகிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அழுகிய முட்டை வாடை வருகிறது. ஒரு மணி நேரத்தில் எனக்குத் தொண்டை கரகரத்தது. குழந்தைகள் இதிலேயே வளர்கிறார்கள்.

குடியிருப்புத் தெருக்கள் குன்றின்மேல் ஏறுகின்றன. அங்கே ஓர் இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். நடைபாதையை ஒட்டி ஆறு சிமெண்டுப் படிகள். பக்கத்தில் இரும்புக் கைப்பிடி. கைப்பிடியில் பச்சை வண்ணம் உரிந்து, அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. யாரோ சில வருடங்களுக்கு ஒருமுறை மறக்காமல் வண்ணம் பூசியிருக்கிறார்கள். இரண்டாம் படியின் நடுப்பகுதி கால்பட்டுக் கால்பட்டுக் குழிந்திருந்தது. ஏறிப் பார்த்தேன். மேலே வீடு இல்லை. முழங்கால் உயரப் புல், ஒரு ஆப்பிள் மரம், அவ்வளவுதான். பாழடைந்த வீடுகளை இடித்துவிடுகிறார்கள். படியைப் பெயர்க்கத் தனிச்செலவு போலிருக்கிறது, விட்டுவிடுகிறார்கள். அந்தத் தெருவில் மட்டும் இப்படி நான்கு படிகள் எண்ணினேன்.

அப்புறம் நூலகம். அமெரிக்காவில் கார்னகி கட்டிய முதல் நூலகம் இதுதான், 1889. நான் வெளியில் நின்றுதான் பார்த்தேன். கருங்கோட்டைபோலக் கல் கட்டடம், கூர்கோபுரம். கீழ்த்தளத்தில் குளியல் அறைகள் கட்டியிருந்தார்கள், ஆலையிலிருந்து கரியோடு வருகிறவர்கள் குளித்துவிட்டுப் புத்தகம் எடுக்க மேலே போகலாம். 1893இல் விரிவாக்கியபோது நீச்சல் குளமும் இசையரங்கும் சேர்ந்தன. படிக்கும்போது நெஞ்சு நிறைகிற ஏற்பாடு.

ஆனால் நூலகம் வருவதற்கு ஓராண்டு முன் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஈ.டி.யின் மேலாளராக இருந்த கேப்டன் பில் ஜோன்ஸ், மனிதனால் இந்த வெக்கையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்ய முடியாது என்று வாதாடி எட்டு மணி நேர முறையைக் கொண்டுவந்திருந்தார். 1888இல் கார்னகி அதை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், ஆலைக் கதவைப் பூட்டினார், தனியார் காவல்படையை இறக்கினார். தொழிலாளர்கள் தோற்றார்கள். பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறுகிற வாரத்தில் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் நிற்க வேண்டும், அதற்கு 'நீண்ட முறை' என்றே பெயர். பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய 1923 ஆயிற்று. நூலகத்தைக் கொடுத்தவர் அதில் உட்கார்ந்து படிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டார். ஜோன்ஸும் அதே 1889 செப்டம்பரில் உலை வெடித்து இறந்துபோனார்.

1974இல் நூலகத்தையும் மூடினார்கள். இடிக்கவிடாமல் ஊர்க்காரர்கள் காப்பாற்றி, 1983இல் குழந்தைகள் பகுதியை முதலில் திறந்தார்கள். ஊரில் வேலை இல்லை, வரி இல்லை, மக்கள் இல்லை என்றிருந்த காலம் அது. அப்போது போய்க் குழந்தைகள் பகுதியைத் திறந்திருக்கிறார்கள்! பிறகு நூலக அட்டையைக் காட்டி ஓவியங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுவரில் மாட்டிக்கொள்ளும் வசதியும் வந்தது. புத்தகத்தைப்போலத் தவணைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாலையில் பக்கத்து ஊர் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் பியரோகி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, பாதியாக மடித்து வேகவைப்பது. நம் கொழுக்கட்டையும் சோமாசியும் நினைவுக்கு வரும். ஸ்லோவாக்கியர்களும் போலந்துக்காரர்களும் கொண்டுவந்தது. நீண்ட மேசையில் ஏழெட்டுப் பாட்டிமார்கள். ஒரு பாட்டி மடித்து விளிம்பை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் வேலை செய்கின்றன. இடக்கை மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமலே, ஒன்றுபோல ஒன்று. எண்பத்து மூன்று வயதாம். "என் பாட்டி வந்தபோது இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. எங்களை 'ஹங்கி' என்பார்கள். அது வசவு" என்றார். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, குரோவேஷியா, போலந்து என்று எங்கிருந்து வந்தாலும் சேர்த்து ஒரே வசவு.

ஒவ்வோர் இனத்துக்கும் தனித் தேவாலயம், தனி மன்றம், தனி இடுகாடு இருந்த காலம் அது. இப்போது பாட்டியின் தேவாலயத்தில் பூசைக்கு வருகிறவர்களைவிட வெள்ளிக்கிழமை பியரோகி வாங்க வருகிறவர்கள் அதிகம். ஒரு டஜன் வாங்கிக்கொண்டேன். வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு தங்கை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம். மாப்பிள்ளை அதன்மேல் பொடி தூவிக்கொண்டார், அதுவும் நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள், சனி

மொனங்கஹீலா ஆற்றோரம், பிராடக்குக்குப் பக்கத்து ஊரான ரேங்கினில் கேரி என்ற பழைய ஊது உலைகள் நிற்கின்றன. ஆறாம், ஏழாம் எண் உலைகள். 1907இல் கட்டியவை, 1978இல் அணைத்தவை. 92 அடி உயரம். தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்து, சனிக்கிழமைகளில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். இங்கே உருகிய இரும்பை அப்படியே ரயில் கலங்களில் ஊற்றி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரை ஹோம்ஸ்டெட் ஆலைக்கு அனுப்புவார்கள். அந்த ஹோம்ஸ்டெட்தான் 1892 ஜூலை 6ஆம் தேதி தொழிலாளர்களும் படகில் வந்திறங்கிய தனியார் காவல்படையும் சுட்டுக்கொண்ட இடம். ஆலை 1986இல் மூடி, இன்று அங்கே பெரிய வணிக வளாகம். பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக நிற்க விட்டிருக்கிறார்கள்.

உலை முற்றத்தில் குழாய்களையும் கம்பிகளையும் வளைத்துச் செய்த மான் தலை ஒன்று, 40 அடிக்கு மேல். ஆலை கைவிடப்பட்டுக் கிடந்த நாட்களில் கலைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி இல்லாமல் உள்ளே வந்து கட்டியது. அப்போது உண்மையான மான்கள் இங்கே மேய்ந்தனவாம்.

எங்கள் குழுவில் பேத்தியோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபது தாண்டிய கறுப்பினத்தவர், நல்ல உயரம். வழிகாட்டி ஏதோ ஒரு வால்வைக் காட்டி விளக்கியபோது, இவர் மெதுவாகப் பேத்தியிடம் "அது திறக்கும்போது காது போய்விடும்" என்றார். வழிகாட்டி திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். அதற்குப் பிறகு எல்லாரும் பெரியவரைச் சுற்றியே நடந்தோம்.

1973இல் ஈ.டி.யில் சேர்ந்தவர். அவர் தந்தை அலபாமாவிலிருந்து வந்தவர். தெற்கிலிருந்து கறுப்பின மக்களை ஆலைகள் வரவழைத்ததில் ஒரு கசப்பும் உண்டு. 1919 பெரும் வேலைநிறுத்தத்தின்போது பலரை அழைத்துவந்ததே நிறுத்தத்தை உடைக்கத்தான். சங்கங்கள் பல அதற்குமுன் அவர்களைச் சேர்த்துக்கொண்டதும் இல்லை. வந்தபின் அவர்களுக்குக் கிடைத்தது நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்பும் ஊது உலையும்தான். மிகவும் சுடுகிற, மிகவும் புகைகிற இடங்கள். எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் அந்தத் துறைக்குள்ளேதான் பணிமூப்பு. வேறு துறைக்கு மாறினால் கடைசி ஆளாகத் தொடங்க வேண்டும், லேஆஃப் வந்தால் முதல் ஆளாகப் போக வேண்டும்.

"என் அப்பா முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்றார். அவர் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் அவருக்கு மேலாளராக வந்தார்கள்" என்றார் பெரியவர். 1974இல் அரசும் எஃகு நிறுவனங்களும் சங்கமும் நீதிமன்றத்தில் ஒரு உடன்படிக்கை செய்தபின் ஆலை முழுமைக்குமான பணிமூப்பு வந்தது. இவர் மில்ரைட் வேலைக்கு மாற முடிந்தது. இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் கைத்தொழில் அது. அதைச் சொல்லும்போது வலக்கையை விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனி இல்லை. பேத்தி அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஊர் ஏன் போயிற்று?

ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: "1979இல் எனக்கு நல்ல சம்பளம் வந்தது. பென் ஹில்ஸ் புறநகரில் தோட்டத்தோடு வீடு வாங்கினேன். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முடிந்தபோது நானும் போனேன்."

அவர் சொன்னதை வைத்து இரவில் எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1950இல் பிராடக்கில் 16,000 பேருக்கு மேல். 1980இல் 5,600. எஃகுத் தொழில் சரிந்தது 1980களில் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். அதற்கு முன்பே ஊரில் மூன்றில் இரண்டு பங்கினர் கிளம்பிவிட்டார்கள்! நெடுஞ்சாலை வந்தது, எல்லாரிடமும் கார் வந்தது. மன்ரோவில்லில் 1969இல் பெரிய அங்காடி வளாகம் திறந்ததும் பிராடக் அவென்யூவின் கடைகளுக்கு வேலை இல்லாமல் போனது. புறநகரில் வீடு வாங்க வங்கிகள் வெள்ளையர்களுக்குக் கடன் கொடுத்தன, கறுப்பினத்தவருக்கு மறுத்தன. வீட்டு விற்பனையில் இன ஒதுக்கலைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் போகக்கூடியவர்கள் போயாயிற்று. பிறகு இவரைப்போன்றவர்களும் போனார்கள். எஞ்சியவர்களில் இன்று பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

ஆலைக்கும் ஆள் தேவை குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் விசில் சத்தம் கேட்டு நடந்துவர, தெருவெல்லாம் ஆள் வேண்டும். இன்றைக்கு வேலைக்கு வேண்டியவர்கள் முப்பது நாற்பது கிலோமீட்டர் தாண்டியிருந்தும் வருவார்கள், நிறுத்த இடம் இருந்தால் போதும். ஊர் ஆலைக்காகக் கட்டப்பட்டது. ஆலைக்கு ஊர் வேண்டாமென்று ஆனபோது அதை யாரும் அறிவிக்கவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் தங்கை குடும்பத்தோடு பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயில். காட்டுக் குன்றின் சரிவில், இலையெல்லாம் சிவந்து பழுத்த மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம். 1970களின் நடுவில் கட்டத் தொடங்கியது, அமெரிக்காவின் தொடக்ககாலக் கோயில்களுள் ஒன்று. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியபின் வந்த நம்மவர்களில் பலர் பொறியாளர்கள், மருத்துவர்கள். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெரிய மின்பொருள் ஆலை பிராடக்கை ஒட்டிய ஈஸ்ட் பிட்ஸ்பர்க்கில்தான் இருந்தது. 1920 நவம்பர் 2ஆம் தேதி கே.டி.கே.ஏ. வானொலி தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியதும் அந்த ஆலைக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்துதான். ஆக, இந்தப் பள்ளத்தாக்கின் தொழில் வளம் நம்மவர்களையும் இங்கே இழுத்தது. ஆனால் அவர்கள் நேராகக் குன்றின்மேல் குடியேறினார்கள். பள்ளத்தாக்கில் தங்கத் தேவைப்படவில்லை.

தரிசனம் முடிந்து கீழே உணவுக்கூடத்தில் புளியோதரையும் தயிர்சாதமும். நேற்றைய பெரியவர் என்னிடம், தன் வீட்டுக்குப் போகும் வழியில் "அந்த வெள்ளைக் கோயிலை" தினமும் பார்ப்பதாகவும், உள்ளே போனதில்லை என்றும் சொல்லியிருந்தார். தங்கையிடம் அதைச் சொன்னேன். "நாம மட்டும் பிராடக் போயிருக்கமாண்ணா?" என்றாள். காரில் இருபது நிமிடம்கூட ஆகாது.

சாப்பிட்டபின் அவளே காரைப் பிராடக்குக்குத் திருப்பினாள். பிள்ளைகளும் வந்தார்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே, பிராடக் அவென்யூவில், காலிமனைகளைச் சேர்த்து ஒரு காய்கறிப் பண்ணை இருக்கிறது. 2007இலிருந்து நடக்கிறது. பாத்தி பாத்தியாகக் கீரை, பின்னால் நீராவி கக்கும் உலை. பெரிய பையன் படமாக எடுத்துத் தள்ளினான்.

இந்த ஊரை வெளியுலகுக்குத் தெரியவைத்தவர் ஜான் ஃபெட்டர்மன். 2005இல் ஒரே ஓட்டில் உள்கட்சித் தேர்தலை வென்று மேயரானவர். ஊரின் அஞ்சல் குறியீட்டு எண் 15104ஐ ஒரு கையிலும், தன் காலத்தில் ஊரில் கொல்லப்பட்டவர்கள் இறந்த தேதிகளை மற்றக் கையிலும் பச்சை குத்திக்கொண்டார். இன்று செனட் உறுப்பினர். பத்திரிகைகளும் விளம்பரங்களும் அப்போது பிராடக்கைத் தேடி வந்தன. வந்த வெளிச்சம் போய்விட்டது. நான் பார்த்தவரையில் ஊரைத் தாங்குவது பேருந்தில் பார்த்த அந்த அம்மாவைப் போன்றவர்கள்தான்.

திரும்பும்போது வெஸ்டிங்ஹவுஸ் பாலத்தின் மேல் போனோம். பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்தது. ஆலை, தண்டவாளம், தொலைவில் ஆறு.

ஐந்தாம் நாள், திங்கள் காலை

இன்று மதியம் கிளம்புகிறேன். விடியுமுன் தங்கையை எழுப்பி மறுபடி பிராடக் போனோம். முறை மாறும் நேரத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

ஆறே முக்காலுக்குக் குளிர் நன்றாகவே இருந்தது. ஆலை வாசலுக்கு எதிரே காரை நிறுத்திக் காத்திருந்தோம். கிளேர்ட்டனிலிருந்து கோக் இங்கே வருகிறது, இங்கே வார்க்கும் எஃகுப் பாளங்கள் ரயிலில் இர்வின் ஆலைக்குப் போய்த் தகடாகின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு ஆலை. அந்தக் கிளேர்ட்டனில் 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி வெடிவிபத்தில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம்தான் இந்த ஆலைகளை நடத்தும் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியது. 2028க்குள் 1,100 கோடி டாலர் முதலீடு என்கிறார்கள். வேலை தங்கும் என்று பெரியவர் சந்தோஷப்பட்டார். பேருந்து அம்மா காற்றைப் பற்றித்தான் கேட்டிருந்தார், காற்று மாறுமா என்று.

ஏழு மணிக்கு வாசல் திறந்து கார்களும் பிக்கப் வண்டிகளும் வெளியே வந்தன. உள்ளே இன்னொரு வரிசை போனது. வெளியே வந்தவை நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பின. ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்து ஏழாவது வண்டிக்கு அப்புறம் ஒருவர் நடந்து வந்தார். இளைஞர். தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. சாலையைக் கடந்து, எங்கள் காரைத் தாண்டி, குன்றுத் தெருவில் ஏறினார். நான் வெள்ளிக்கிழமை படிகளை எண்ணிய தெருதான். மேலே மூன்றாவது வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. அவர் படியேறியதும் உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள்.